அம்மாவின் இருபது நிமிடம்

வெள்ளைப்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் குழந்தைகள் காப்பகமாம் பிள்ளைக்காம்பராவை முப்பத்தொரு ஆண்டுகள் பேணிக் காத்து, இன்று பணி ஓய்வு பெறும் திருமதி ரூபாவதி சாமுவேல் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் மடல்.

மழலையர் மனம் கவர்ந்த மாதரசியே! காலையில் வேலைக்குப் பெயர் பதியப் பெரட்டுக்கு ஓடும் தாய்மாரின் பெருந்துணையே! அழுத பிள்ளையை அணைத்து, அணைத்த பிள்ளையை உறங்கவைத்து, உறங்கிய பிள்ளைக்கு ஈ ஓட்டிய எங்கள் அன்னையே! வணக்கம்.

இனிச் சொல்வது அவையோருக்கு. அம்மாவிடம் நேரே சொன்னால் தலையைக் குனிந்துகொள்வார். பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுபவர் இவர். சிறுநீரக நோயோடு போராடும் கணவருக்குக் கஞ்சியும் மருந்தும் கொடுத்து, ஆறரைக்கெல்லாம் பிள்ளைக்காம்பராக் கதவைத் திறந்துவிடுவார். பெரட்டுக்கு நேரமாயிற்றென்று தாய்மார் வாசலிலேயே பிள்ளையைக் கையில் திணித்துவிட்டு ஓடுவார்கள். இரண்டே கைகள், இருபத்திரண்டு பிள்ளைகள்! வேலை முடிந்தால் பசறைச் சபையின் மாதர் சங்கச் செயலாளர். வியாழன் வீட்டுக் கூட்டம், ஞாயிறு பாடசாலை, இடையிடையே நோயாளி வீடு, சாவு வீடு, கணவரோடு பதுளை ஆஸ்பத்திரி கிளினிக். ஆண்டவருக்காக ஓடி ஓடியே ஆண்டவரோடு உட்கார நேரமில்லாமல் போன வாழ்வு அது. பஸ்ஸில் நின்றபடியே தூங்கியிருக்கிறார், பாவம்.

அந்த ஓட்டத்துக்குள்ளும் இவர் ஒன்றை இறுகப் பிடித்து வைத்திருந்தார். மதியம் சோறூட்டிப் பிள்ளைகளைத் தூங்கவைத்த பின், முதல் பிள்ளை கண் விழிக்கும்வரை ஓர் இருபது நிமிடம் கிடைக்கும். உதவியாளர் நல்லம்மாவைத் தொட்டில்களுக்குக் காவல் வைத்துவிட்டு, பால்மா வைக்கும் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அம்மா அசந்து தூங்குகிறார் என்றுதான் முதலில் நினைத்தோம். முழங்காலில் நின்று ஜெபிக்கிறார் என்று தெரிந்த நாளில் பிடித்தது சனி.

அன்று முதல் ஆளாளுக்குக் கதவைத் தட்டினோம். மகனுக்குப் பரீட்சை என்றார் ஒருவர். மருமகளுக்குப் பிள்ளையில்லை என்றார் இன்னொருவர். இடமாற்றம் வரக்கூடாது என்றார் ஆபிஸ் கிளார்க் ஜெயகுமார். உள்ளேதான் இருக்கிறீர்களே, அப்படியே எங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் என்றோம். எத்தனை சுலபமாகக் கேட்டோம்! ஒருவரையும் இவர் முகம் சுளித்து அனுப்பவில்லை. பிறகு எங்களுக்கே மனம் உறுத்தி, அம்மாவைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று ஒரு பெரிய வேலை செய்தோம். ஒரு கொப்பி வாங்கி நூல் கட்டி அந்தக் கதவிலேயே தொங்கவிட்டோம். தேவையானவர் எழுதிவைக்கலாம், தட்டவேண்டியதில்லை! எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டோம். இந்துவும் எழுதினார், கிறிஸ்தவரும் எழுதினார். பக்கத்துத் தோட்டத்திலிருந்துகூட ஆள் வந்தது.

போன ஆகஸ்டில் ஒரு நாள் பிள்ளைகள் விழித்து அழுதும் அறைக்கதவு திறக்கவில்லை. நல்லம்மா பயந்துபோய்த் தள்ளிப் பார்த்தார். பால்மாப் பெட்டிமேல் அந்தக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அம்மா. கண் வீங்கியிருந்தது. உடம்புக்கு முடியவில்லையா என்று நல்லம்மா கேட்டார்.

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல நல்லம்மா. ஒங்க பேரெல்லாம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள புள்ளைங்க எந்திரிச்சிருதுங்க. நா எப்புடி இருக்கேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லி ரெண்டு வருசமாச்சு.”

சொல்லிவிட்டு எழுந்து போய் அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டார். நல்லம்மா அதை எங்களிடம் சொன்னபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. பக்கத்து அறையில் பாலர் வகுப்பு நடத்தும் ஷிப்னா டீச்சர்தான் கேட்டார்:

“நான் தொழுற நேரம் ஒருத்தரும் கூப்பிடுறதில்லயே. அம்மாவ மட்டும் ஏன் கூப்பிடுறீங்க?”

அன்றே கொப்பியைக் கழற்றினோம். ஒரு வாரம் ஒழுங்காக இருந்தோம். பிறகு “ஒரே நிமிசம் அம்மா” என்று மறுபடியும் ஒருவர், மறுபடியும் இருவர். இவரும் ஒவ்வொரு முறையும் எழுந்து கதவைத் திறந்தார். முடியாது என்று சொல்லும் வித்தை இவருக்குக் கடைசிவரை வரவில்லை. அது தெரிந்துதான் நாங்களும் தட்டினோம். வெட்கமாக இருக்கிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அன்பு மிகு அம்மையாரே! இப்போது உங்களிடமே பேசுகிறோம். ஓய்வு பெறுவோரிடம் “உங்கள் சேவை தொடரவேண்டும்” என்று கேட்பது மரபு. நாங்கள் கேட்கமாட்டோம். தொடர்ந்தது போதும். நல்ல உடல்நலத்தோடு, உங்கள் துணைவருக்கு நோய் தணிந்து, நெடுங்காலம் நீங்கள் வாழவேண்டும். நேரத்துக்கு உண்டு, நிம்மதியாய் உறங்கி, உங்கள் ஆண்டவரோடு ஆறஅமரப் பேசி வாழவேண்டும். சபையிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ யாராவது புதுப் பதவி என்று வந்தால் எங்களிடம் அனுப்புங்கள், பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு தவறை மட்டும் மன்னிக்கவேண்டும். உங்கள் கையிலிருக்கும் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். கடைசி வரியில் “நிறைவு ஜெபம்: திருமதி ரூபாவதி சாமுவேல்” என்று அச்சாகியிருக்கிறது. இத்தனையும் எழுதிய பிறகும் எங்கள் கை அப்படித்தான் போட்டது. இன்று காலையில்தான் கண்ணில் பட்டது. எல்லாத் தாளிலும் பேனையால் வெட்டிவிட்டோம். ஜெயகுமார் ஜெபிப்பார். ஆலயத்தில் கடைசி வாங்கில் ஒதுங்கி உட்காருபவர், நாலு பேர் முன்னால் வாய் திறந்து ஜெபித்தவரில்லை; திக்குவார், நடுவில் மறந்து நிற்பார். எழுந்து உதவிக்குப் போய்விடாதீர்கள். இன்று சொல்லப்போவது ஒரே ஒரு பெயர்தான், அது உங்களுடையது. உட்கார்ந்திருங்கள் அம்மா.

இங்ஙனம்,
பிள்ளைக்காம்பரா, பாலர் வகுப்பு, தோட்ட ஆபிஸ் ஊழியர்கள்,
வெள்ளைப்பாறைத் தோட்டம், பசறை.