மூன்றாம் முறை வருகிறவர்கள்

காத்திருப்பவர்கள் உட்காரும் பெஞ்சுக்கு மேலே ஒரு மின்விசிறி வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போட்டவன் நான்தான். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பெல்லாம் பிள்ளைகள் வெயிலில் வந்து புழுக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு மனசு கேட்காது.

கல்லூரியில் உதவித்தொகைப் பிரிவு என்பது ஓர் அறை. அதில் ஒரு மேஜை என்னுடையது, மற்றொன்று காசாளர் அம்மாவுடையது. வசதியில்லாத மாணவர்கள் விண்ணப்பிப்பார்கள். ஆசிரியர் குழு படித்துப் பார்த்து, இன்னாருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்யும். அந்த முடிவு என் மேஜைக்கு வரும். நான் கையெழுத்துப் போட்டால் அந்தப் பிள்ளையின் கட்டணம் கட்டியதாகிவிடும்.

ஆனால் ஆசிரியர்கள் காகிதத்தைத்தான் பார்க்கிறார்கள். வருமானச் சான்றிதழை எப்படியெல்லாம் வாங்கலாம் என்பது எனக்குத் தெரியும். அதனால் நானாக ஒரு முறை வைத்திருந்தேன். முடிவு வந்த பிறகும், கேட்டு வருகிறவரிடம் "இன்னும் வரலை, அடுத்த வாரம் வந்து பாருங்க" என்பேன். இரண்டாம் தடவையும் அதையே சொல்வேன். மூன்றாம் தடவையும் ஒருவர் வந்து நின்றால் அவருக்கு உண்மையிலேயே தேவை இருக்கிறது. உட்காரச் சொல்லி, கண்ணெதிரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவேன். வராதவருக்குத் தேவையில்லை. அந்தத் தொகை ஆண்டு முடிவில் நிதிக்கே திரும்பிவிடும். ஒரு பைசா நான் தொட்டதில்லை. மிச்சம் பிடித்ததற்காக முதல்வர் என்னைப் பாராட்டி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார். பிள்ளைகளுக்கு நேரம் தெரியட்டும் என்று அதையும் பெஞ்சுக்கு எதிரிலேயே மாட்டினேன்.

"இன்னும் வரலை" என்பதைப் பொய் என்று நான் நினைத்ததில்லை. என் மேஜைக்கு வந்தது அவர்களுக்கு வந்ததாகாது.

நீங்கள் கேட்கும் பெண் ரத்தப் பரிசோதனைப் பட்டயப் படிப்பு படித்தாள். வகுப்பு, ஊருக்கு வெளியே இருந்த புதிய கட்டடத்தில். என் அலுவலகம் பழைய கட்டடத்தில். தாயும் மகளும் ஒரு சலவைக்கூடத்தில் துணி மடிக்கும் வேலை பார்த்தார்கள். கட்டணம் கட்டாவிட்டால் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது.

முதல் தடவை வந்தபோது நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, "சரிங்க சார்" என்றாள். குடிநீர்க் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டாம் தடவை பெஞ்சில் உட்கார்ந்தவள் அப்படியே சரிந்தாள். காசாளர் அம்மா ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்து, தன் டீயில் இன்னும் சர்க்கரை போட்டுக் குடிக்கவைத்தார்.

"ஏம்மா, பஸ்ல வரலையா நீ?"

"நடராஜா சர்வீஸ்தாங்க்கா," என்று சிரித்தாள். "பஸ்ஸுக்குக் குடுத்தா மதியச் சாப்பாட்டுக்கு இருக்காது. சாப்பாட்டுக்கு வச்சா பஸ்ஸுக்கு இருக்காது. ரெண்டையும் விட்டுட்டா ஒரு சண்டையும் இல்ல."

பிறகு என்னைப் பார்த்தாள். "சார், போன்ல கேட்டா சொல்லுவீங்களா?"

"நேர்லதாம்மா வரணும்."

"திங்கக்கிழமையோட கெடு முடியுதுங்க சார்."

"அப்ப திங்கக்கிழமை வந்துடு. மத்தியானத்துக்குள்ள வா."

அவள் படியிறங்கிய பிறகு காசாளர் அம்மா என்னிடம், "முடிவு வந்து உங்க டிராயர்லதானே சார் தூங்குது. மூணு தடவை வந்து கும்பிட்டாத்தான் சாமி வரம் குடுக்குமோ? போட்டுத் தொலைங்களேன்," என்றார்.

"நீங்க உங்க கணக்கைப் பாருங்கம்மா," என்றேன். கோபப்படவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவைதான் பாக்கி. ஒருத்திக்காக நடுவில் நிறுத்தினால், அதற்கு முன்பு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் நான் செய்தது என்னவாகும்?

அவளுக்குத் தேவை இருந்தது என்பது அப்போதே எனக்குத் தெரியும். மயக்கத்தை நடிக்கலாம், உதடு வெளுப்பதை நடிக்க முடியாது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை மேஜையைத் துடைத்துப் பேனாவை எடுத்து வைத்திருந்தேன். நல்ல வெயில். மத்தியானம் தாண்டியது. "பாத்தீங்களா, வரலை," என்றேன். காசாளர் அம்மா எழுந்து வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மேம்பாலத் தூண் நிழலில் அவள் படுத்துக் கிடந்ததாகப் பிறகு தெரிந்தது. களைப்பில் தூங்குகிறாள் என்று நினைத்து எல்லாரும் தாண்டிப் போயிருக்கிறார்கள். வயிற்றில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை என்று பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் எழுதியதை நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள்.

சில நாள் கழித்து அவள் அம்மா வந்தார். கையில் மகளின் கல்லூரி அட்டை இருந்தது, திருப்பிக் கொடுக்க வேண்டுமோ என்று எடுத்து வந்திருந்தார்.

"இங்க வர்றேன்னுதான் சார் சொல்லிட்டுப் போனா. பணம் வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சும்மா."

"எப்ப?"

"அவ முதல் தடவை வர்றதுக்கு முன்னாடியே."

அந்த அம்மா அழவில்லை. விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தார். "அப்ப எதுக்கு சார் எம் பொண்ணு நடந்தா?" என்றார்.

அவருக்கு என் முறையை விளக்கினேன். புரியும்படி, நிதானமாகத்தான் விளக்கினேன். பாதியில் காசாளர் அம்மா எழுந்து, என் டிராயரை அப்படியே உருவி எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குப் போனார்.

மூன்றாம் தடவை வராத மற்றவர்களையும் தேடிப் பிடித்துக் கேட்டீர்களாம். ஒருவன் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி தூக்குகிறானாம். ஒருத்தி துணிக்கடையில் பில் போடுகிறாளாம். ஏன் மறுபடி போகவில்லை என்று கேட்டதற்கு, போக வரக் கையில் காசில்லை என்றார்களாம். என்னிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. வராதவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

ஏன் இப்படிச் செய்தேன் என்கிறீர்கள். நானும் இதே கல்லூரியில் உதவித்தொகை வாங்கிப் படித்தவன். அப்பாவுக்கு இரும்புக்கடை. தெரிந்தவர் மூலமாக வருமானத்தைக் குறைத்துக் காட்டிச் சான்றிதழ் வாங்கினார். கேட்டுப் போன முதல் நாளே எனக்குக் கிடைத்துவிட்டது. என் பக்கத்தில் உட்கார்ந்த பையனுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த பருவத்தில் அவன் இடம் காலியாக இருந்தது, அதில் என் பையை வைத்துக்கொண்டேன். என்னைப் போன்ற ஒருவன் இந்த மேஜையைத் தாண்டிப் போய்விடக் கூடாது. அதற்காகத்தான் இத்தனையும்.

வாக்குமூலத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நீங்கள் இரண்டாம் தடவை கேட்க வேண்டியதில்லை.

நேற்று எழுந்து போகும்போது நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் பாக்கி. அன்றைக்கு என்னை மூன்று தடவை அலையவிட்டிருந்தால் வந்திருப்பேனா என்றீர்கள். வந்திருப்பேன். எத்தனை தடவை சொன்னாலும் வந்திருப்பேன். அப்பா வண்டியில் கொண்டுவந்து விட்டிருப்பார்.