மாப்பிள்ளை வெட்டிய கடல்

— கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. பல் வலின்னா வாய் கொப்பளிக்க ஒரு டம்ளர் உப்புத்தண்ணி போதும். உங்களுக்கு எதுக்கு வீட்டுக்குப் பின்னாடி ஒரு குளம் நிறைய?

— இது பல்லுக்கு இல்ல அத்தை.

— பல் செட் செய்யறவர் வீட்டுல உப்புத்தண்ணின்னா வேற எதுக்குன்னு நினைப்பாங்க? நான் பஸ்ஸை விட்டு இறங்கி வர்றதுக்குள்ள பக்கத்து வீட்டுக்காரி பிடிச்சுக்கிட்டா. 'உங்க மாப்பிள்ளை மூட்டை மூட்டையா உப்பு இறக்கறாரே, ஏஜென்சி எடுத்திருக்காரா'ன்னு கேக்கறா.

— நீங்க என்ன சொன்னீங்க?

— ஆமான்னு சொல்லிட்டேன். மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்க முடியுமா? அது கிடக்கட்டும். அடியில சிமெண்டா?

— இல்ல, சிமெண்ட்னா சுண்ணாம்பு கரைஞ்சு தண்ணியைக் கெடுத்துடும். மண்ணை வெட்டி, மணல் பரப்பி, அதுக்கு மேல கெட்டி ரப்பர் ஷீட் விரிச்சிருக்கு. இரும்புல ஒரு ஆணி கூட கிடையாது, துரு பிடிச்சு உதிரும். மோட்டார், பைப்பு எல்லாமே பிளாஸ்டிக்தான்.

— அட! நீங்களே வெட்டினீங்களா? பல்லை ராவுற இந்தக் கையாலயா?

— பாதி ஆள் வச்சு, பாதி நானே. முதுகு ஒரு மாசம் பேசிச்சு அத்தை.

— அங்க பச்சையா அசையுதே, அது என்ன?

— கடல்புல்லு. உங்க பொண்ணு எண்ணறாளே, அதே ஜாதி. லாரியில டிரம்மோட வந்துச்சு.

— ஓ, பாப்பாவோட புல்லா! புல்லு எண்ணறதுக்கு ஒரு படிப்பு, அதுக்கு ஒரு தீவு, லீவுக்கு லீவு வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போறது. என்னமோ போங்க. ஐயோ, அது என்ன ஓடுது?

— மீன்தான். ஆறும் கடலும் கலக்கிற இடத்து மீன். உப்பு கூடினாலும் குறைஞ்சாலும் தாங்கிக்கும். சும்மா கொண்டு வந்து விட்டுடலை. தண்ணி ரொம்ப நாள் கல்லும் மணலுமா ஊறி, நல்லாப் பழகின அப்புறம்தான் விட்டேன்.

— தண்ணி கூட பழகணுமா! சரி, தலைக்கு மேல எதுக்கு இந்தக் கூரை? மீனுக்கு வெயில் ஆகாதா?

— வெயில் வேணும். அதான் வெளிச்சம் விழுற மாதிரி ஷீட் போட்டிருக்கேன். மழைதான் ஆகாது. மழை பெய்ஞ்சு குளம் நிரம்பிச்சுன்னா, இதோ இந்தப் பைப் வழியா உப்புத்தண்ணி வெளிய போயிடும். நல்ல தண்ணி உள்ள சேர்ந்துக்கிட்டே இருக்கும். உப்பு போச்சு.

— வெயில்ல வத்தாதா?

— வத்தும். ஆனா வத்துறது தண்ணி மட்டும்தான் அத்தை. உப்பு எங்கேயும் போகாது, அடியிலயே நிக்கும். அதனால வத்தின அளவுக்கு நல்ல தண்ணி விட்டா போதும். அந்தச் செவப்புக் கோடு வரைக்கும், அதுக்கு மேல கூடாது.

— உப்பு சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்? நாக்குல வச்சா?

— இந்தக் கண்ணாடிக் குழாயை மிதக்க விடணும். உப்பு இருந்தா நிமிர்ந்து நிக்கும். குறைஞ்சா அமுங்கிப் போகும். எதுக்குமே அப்படித்தான். உப்புத்தண்ணி தூக்கும், நல்ல தண்ணி அவ்வளவா தூக்காது.

— தூக்கும்... சரி. கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இந்தப் படிக்கட்டு யாருக்கு? கைப்பிடி வேற போட்டிருக்கீங்க. மீனு கையைப் பிடிச்சுக்கிட்டு இறங்குமா?

— அது வந்து... சுத்தம் பண்ண இறங்கணும்ல.

— கழுத்தளவு ஆழம்?

— ஆழமா இருந்தா தண்ணி சீக்கிரம் சூடாகாது.

— மாப்பிள்ளை, நான் சிரிக்கிறதே நீங்க செஞ்சு கொடுத்த பல்லுலதான். அந்தப் பல்லுகிட்டயே பொய் சொல்றீங்களே! விடுங்க, எனக்குப் புரிஞ்சு போச்சு.

— என்ன புரிஞ்சுச்சு?

— எல்லாம் பாப்பாவுக்காக. கடலையே கொண்டாந்து தோட்டத்துல வச்சுட்டா அவ எதுக்குத் தீவுக்குப் போறா? இங்கேயே உக்காந்து எண்ணட்டும். சபாஷ், எனக்கு இது தோணாமப் போச்சே! நான் வந்ததே இதைப் பேசத்தான். அவளுக்கு அங்க நிரந்தர வேலை கொடுக்கறாங்க, தெரியும்ல? வேண்டாம்னு சொல்லப் போறேன்னு போன்ல சொன்னா. நீங்களும் கொஞ்சம் பிடியா நின்னீங்கன்னா முடிஞ்சுது. அவ லீவுல வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருக்கப் போறேன். குளத்துக்கு என்ன வேலைன்னாலும் சொல்லுங்க, செய்யறேன்.

— அத்தை...

— என்ன?

— ஒண்ணுமில்ல. பார்த்து, பைப்பு காலை வாரிடும்.

\*

— இது என்ன மாப்பிள்ளை, காதுல வெள்ளையா?

— எங்க?

— உப்பு பூத்திருக்கு. நானும் வந்ததுலேர்ந்து பார்க்கறேன், தினமும் காலையில கொடியில ஒரு ஈரத்துண்டு தொங்குது. நீங்களோ தண்ணிக்குப் பயந்து, தலைக்கு ஊத்திக்கும்போது கூட கண்ணை மூட மாட்டீங்கன்னு பாப்பா சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. இப்போ முதுகுக்குப் பின்னாடி என்ன ஒளிக்கிறீங்க? கார் டியூப்தானே?

— சரி அத்தை. உக்காருங்க, சொல்றேன்.

— நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லுங்க.

— மிதக்கக் கத்துக்கறேன்.

— யாரு, நீங்களா!

— நிரந்தர வேலைன்னா தீவுல வீடும் உண்டு அத்தை. குடும்பத்தோட இருக்கலாம். ஆனா அங்க குடியிருக்கப் போற எல்லாரும் கடல்ல மல்லாந்து மிதந்து காட்டணும். படகு கவிழ்ந்தா, ஆள் வந்து தூக்கற வரைக்கும் தாக்குப் பிடிக்கணும்ல, அதுக்கு. அவ என்கிட்ட வீட்டுப் பேச்சையே எடுக்கல. அவ கூட வேலை பாக்கறவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எனக்கு முடியாதுன்னு அவளே முடிவு பண்ணிட்டா.

— அதுக்கு ஊருக்குள்ள நீச்சல் குளம் இல்லையா? இப்படித் தோட்டத்தையே தோண்டணுமா?

— அங்கயும் போனேன். அடியில ஓடு பளிச்சுனு தெரியுது. அது தொட்டி, பயமே வரல. என் பயம் வேற. காலுக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியக்கூடாது, புல்லு வந்து சுத்தணும், மீனு உரசணும், வாயில உப்பு ஏறணும். அந்த மாதிரி தண்ணின்னாதான் எனக்கு நெஞ்சு அடைக்கும். நெஞ்சு அடைக்கிற தண்ணியிலதானே பழகணும்? கடலுக்குப் போகணும்னா இங்கேர்ந்து ஒரு பகல் பூரா பயணம். அதான் வெட்டிட்டேன்.

— அப்ப இது அவ வர்றதுக்கு இல்ல. நீங்க போறதுக்கு.

— ஆமா.

— பல் செட் வேலை?

— டாக்டருங்க அச்சைத் தபால்ல அனுப்பிடுவாங்க. செஞ்சு திருப்பி அனுப்பிட வேண்டியதுதான். வாரா வாரம் படகு வருது.

— எல்லாம் யோசிச்சு வச்சிருக்கீங்க. அந்த யோசனையில நான் எங்க இருக்கேன்?

— நீங்களும் எங்ககூட வாங்க அத்தை.

— வாரத்துக்கு ஒரு படகு வர்ற இடத்துல நான் என்ன பண்ணுவேன்? நாலு பேர் முகத்தைப் பார்க்கலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும். அன்னிக்குச் சொன்னீங்களே, வத்துறது தண்ணி மட்டும்தான், உப்பு அடியிலயே நிக்கும்னு. அது நான்தான். அவங்க அப்பா போனாரு, அவ போனா, இப்போ நீங்களும் கிளம்பறீங்க. நான் மட்டும் உப்பா நிக்கறேன்.

— அப்படிச் சொல்லாதீங்க அத்தை, கஷ்டமா இருக்கு.

— எனக்குக் கோவமா இருக்கு! எம் பொண்ணு திரும்பி வர இருந்தா. நீங்க குறுக்கால ஒரு கடலை வெட்டி வச்சிருக்கீங்க. அதுக்கு நான் ஹோஸ் பைப் வேற பிடிச்சிருக்கேன்.

— போன லீவுல வந்தப்போ வாசல்ல நின்னு யார்கிட்டயோ போன்ல பேசிக்கிட்டிருந்தா. 'அந்த வேலை என்ன பெரிய வேலை, விட்டுட்டா போச்சு'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா. அழுதிருந்தா கூட நான் பயந்திருக்க மாட்டேன். அந்தச் சிரிப்பைக் கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல.

— என்கிட்டதான்.

— என்ன அத்தை?

— என்கிட்டதான் பேசிக்கிட்டிருந்தா. சிரிக்கிறாளே, சந்தோஷமா இருக்கான்னு நான் நினைச்சேன்... சரி, அது போகட்டும். மிதக்க வருதா?

— டியூப் இருந்தா வருது. எடுத்துட்டா கால் கீழ போகுது. உடனே கைப்பிடியைப் பிடிச்சுக்கறேன்.

— அடுத்த வாரம் அவ வந்துடுவாளே.

— அதான் அத்தை, தூக்கமே இல்ல.

— நீங்க பல்லைப் பாருங்க, மிச்ச நேரம் தண்ணியில கிடங்க. வத்தின தண்ணியை ஊத்தறதை நான் பார்த்துக்கறேன். கோடு தெரியும், குழாய் தெரியும். போங்க.

\*

— அத்தை! அத்தை! இங்க ஓடி வாங்க!

— ஐயோ, என்ன ஆச்சு? முழுகிட்டீங்களா?

— டியூப் எங்க இருக்கு, பாருங்க!

— கரையில கிடக்கு.

— நான் எங்க இருக்கேன், பாருங்க!

— நடுவுல... மாப்பிள்ளை, கைப்பிடி எங்க, நீங்க எங்க! எப்படி?

— என்ன எப்படி?

— இல்ல, எப்படி மிதக்கறீங்கன்னு கேட்டேன்.

— தெரியல! மூச்சை விட்டேன், கழுத்தைத் தளர விட்டேன், அவ்வளவுதான். புல்லு முதுகைக் கூசுது அத்தை. கூசட்டும்! பேசாதீங்க, நான் கண்ணை மூடப் போறேன்.

\*

— நேத்து தெருவுக்கே கேக்கற மாதிரி சின்னப் புள்ளையாட்டம் கத்தினீங்க. இன்னிக்கு ஏன் மூஞ்சி இப்படித் தொங்குது? நாளைக்குப் பாப்பா வர்றா.

— நேத்து நான் மிதக்கல அத்தை.

— என்ன பேச்சு இது? நான்தான் கண்ணால பார்த்தேனே.

— உப்பு பார்க்கற குழாயை இப்பதான் விட்டுப் பார்த்தேன். கழுத்து வரைக்கும் அமுங்கி நிக்குது. பாதி உப்பு கூட இல்லைன்னு காட்டுது. கூரை இருக்கு, மழையும் இல்ல, உப்பு எங்க போகும்? போன வாரம் கை தவறித் தரையில போட்டுட்டேன். எங்கேயோ கீறல் விட்டு உள்ள தண்ணி ஏறியிருக்கு. அது காட்டறது பொய்.

— நாக்குல வச்சுப் பார்த்தீங்களா?

— தினமும் குடிச்சுக் குடிச்சு நாக்கு மரத்துப் போச்சு. கொஞ்சம் யோசிங்க. இந்த வெயிலுக்குத் தண்ணி வத்தி வத்தி, உப்பு கண்டபடி ஏறியிருக்கும். நேத்து நீங்க ஊத்தறதுக்கு முன்னாடி கோட்டுக்கு ரொம்பக் கீழ இறங்கியிருக்கும். அந்தப் புல்லைப் பாருங்க, சோர்ந்து கிடக்கு. கடலை விட உப்பா இருந்திருக்கு தண்ணி. அதான் என்னைத் தூக்கிக் காட்டியிருக்கு. நான் என்னமோ சாதிச்ச மாதிரி ஊரைக் கூட்டினேன்.

— இப்ப என்ன பண்ணப் போறீங்க?

— அவ வந்ததும் சொல்லிடறேன், வேலையை வேண்டாம்னு சொல்லிடுன்னு. நாலு பேர் பார்க்க நான் கடல்ல இறங்கி, கையைக் காலை அடிச்சு, என்னைத் தூக்கிப் படகுல போட்டு... அதை அவ பார்க்க வேண்டாம். குளத்தை மூடிடலாம். நீங்க கேட்டதும் அதுதானே அத்தை, உங்க பொண்ணு இங்கேயே இருப்பா.

— பல்லு இறுக்குது.

— கழட்டிக் கொடுங்க, ராவித் தர்றேன்.

— ராவினா சரியாகற இறுக்கம் இல்ல இது. மாப்பிள்ளை, அந்தக் குழாய்ல கீறல் ஒண்ணும் இல்ல.

— இல்ல அத்தை, கீழ விழுந்துச்சே...

— சொல்றதைக் கேளுங்க. உங்க பல் மிஷின் சத்தம் உள்ள கேட்டுக்கிட்டிருந்த நேரமெல்லாம் இங்க தண்ணி திறந்தே இருந்துச்சு. கோட்டோட நிறுத்தல. நிரம்பி, அந்தப் பைப் வழியா உப்பு வெளிய போகப் போக, நான் நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன். நீங்க எழுந்து வர்றதுக்குள்ள மறுபடி கோட்டுக்கு மொண்டு இறைச்சுடுவேன். மழை என்ன பண்ணும்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?

— ஏன் அத்தை?

— நீங்க மிதக்கக் கூடாதுன்னுதான். எம் பொண்ணு என் பக்கத்துல இருக்கணும்னுதான். சொல்லவே நாக்கு கூசுது. திட்டணும்னா அப்புறம் நிதானமா திட்டுங்க. முதல்ல அந்தக் கொடியில இருக்கிற துண்டை எடுத்துப் பெட்டியில வைங்க.

— துண்டு எதுக்கு?

— இன்னுமா புரியல? உங்களை முழுக வைக்கணும்னே நான் உப்பை எடுத்துட்ட தண்ணியில நேத்து கண்ணை மூடிக்கிட்டுக் கிடந்தீங்களே மாப்பிள்ளை, கடல் உங்களைக் கீழ விட்டுடுமா?