முந்தேயானு என்றொரு குடும்பப் பெயர்

சயாம் ரயில் பாதை போட எஸ்டேட் ஆட்களை ஜப்பான்காரர்கள் ஏற்றிக்கொண்டு போன வருஷம். மலாயாவில், கெடா மாநிலத்து மெர்போக் ஊர்க் கடையில் அரிசிக்கு வரிசை. எனக்கு முன்னால் பூனைக்கண் குழந்தையோடு ஒரு பெண். அவளுக்கு முன்னால் நின்ற ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரர் திரும்பினார்.

“பிள்ளைக்கு என்ன பேரு?”

“சூசை முந்தேயானு.”

“முந்தேயானு யாரு, அப்பனா?”

“இல்லண்ணே, குடும்பப் பேரு. அவரு ருமேனியாக்காரரு. தாத்தா, அண்ணன், தம்பி எல்லாருக்கும் அதே பேருதான். மலையிலேருந்து இறங்கினவங்கன்னு அர்த்தமாம். அமெரிக்காவுலகூட இருக்காங்களாம்.”

“எல்லாருக்கும் ஒரே பேருன்னா, கூப்பிட்டா எவன் வருவான்?”

அவள் சிரித்தாள்.

“அப்பன் எங்க?”

“கப்பல்ல மெக்கானிக். சண்டைக்கு முன்ன பினாங்குல ஏறினவரு. தகவலே இல்ல.”

“வெள்ளக்காரப் பேர எடுத்துடு தங்கச்சி. ஜப்பான்காரன் காதுல விழுந்தா வம்பு லா.”

“எடுத்துட்டா, அவரு தேடி வந்தா எப்படிண்ணே கண்டுபிடிப்பாரு? கெடா முழுக்க இந்தப் பேரு இவன் ஒருத்தனுக்குத்தான்.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது.

“அப்ப வெச்சுக்கோ,” என்றார் அவர். “எம்மவன் பேரு முனியாண்டி. சயாம் ரயில் கிளம்புறப்ப பேரச் சொல்லிக் கத்தினேன். நாலு பேரு எட்டிப் பாத்தானுங்க. நாலுல எவனும் எம்மவன் இல்ல.”