மூன்று நாள் வாருஜான்

நான் என்ன பேசிவிடுவேனோ என்று இப்போதே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத் தலைவர் கார்னிக் அவர்களே! முன்வரிசையை அலங்கரிக்கும் மூத்தவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்னையரே! என்னிடம் பள்ளியில் மேடைப்பேச்சு பயின்று, இன்று மூலையில் வாய்மூடி நிற்கும் என் மாணவச் செல்வங்களே! தோலையும் தங்கத்தையும் தட்டித் தட்டியே இந்தப் பூர்ஜ் ஹம்மூத்தின் ஆர்மீனியத் தெருக்களை எழுப்பிய பொற்கரங்களே! அனைவருக்கும் இந்த அஸ்னிவின் வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு, 'மனித நோய்களும் உறுப்புகளின் கோளாறுகளும்: ஒரு பொதுப் பார்வை.' படியேறும்போது தலைவர் என் காதோரம் சொன்னார்: "டீச்சர், பொதுவாவே பேசுங்க. எந்த நோயையும் பேர் சொல்லிடாதீங்க. கல்யாணத்துக்கு நிக்கிற புள்ளைங்க வீடு நெறய இருக்கு." உண்மைதான். அந்த வீடுகளில் என் வீடும் ஒன்று. என் மகள் சோசியைத் தம் மகன் வாஹேவுக்குக் கேட்டிருப்பவர் இந்தத் தலைவரேதான். பக்கத்து அறையில் சோதனை செய்ய மருத்துவர் காத்திருக்கிறார். அங்கே ஒரு நாற்காலிகூட நிரம்பவில்லை.

சரி, பொதுவாகவே தொடங்குவோம். கிருமி கொண்டுவரும் நோய் உண்டு. காற்றில் வரும், தண்ணீரில் வரும். நாமே நாக்கால் அழைத்துக்கொள்ளும் நோய் உண்டு. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம். முன்வரிசையில் பஸ்துர்மா உப்புக்கறி மணக்கிறதே, யாரைச் சொல்கிறேன் என்று அவருக்குத் தெரியும்! இதயம் இளைப்பது உண்டு, ஈரல் வீங்குவது உண்டு, மூட்டு முரண்டுபிடிப்பது உண்டு. சோதனையில் ஒரு குறையும் காட்டாமல் மனிதனைப் படுக்கையில் தள்ளும் கோளாறும் உண்டு. கிருமி இல்லாமல் காய்ச்சல் வருமா? வரும். புண் இல்லாமல் வயிறு துடிக்குமா? துடிக்கும்.

என்ன அங்கே? உரக்கச் சொல்லுங்கள். "கண்ணு பட்டிருக்கும்" என்கிறார். ஐயா, அந்தக் கண்ணைத்தான் நாங்கள் வருடக்கணக்காகக் கழித்தோம்!

என் கணவர் வாருஜானை உங்கள் எல்லாருக்கும் தெரியும். உங்களில் பாதிப்பேர் அவர் தைத்த செருப்பில்தான் இங்கே வந்திருக்கிறீர்கள். பண்டிகை நெருங்கும், வேலை குவியும். அப்போதுதான் அவருக்கு வயிறு பலகையாய் இறுகும், உடம்பு அனலாய்க் கொதிக்கும். போர்வை பட்டாலே அலறுவார். மூன்றாம் நாள் தானாக அடங்கிவிடும். நான்காம் நாள் ஒன்றுமே நடக்காதவர்போல் கடை திறப்பார். தெரு சும்மா இருக்குமா? "வாங்க மாப்ள! மூணு நாள் லீவு முடிஞ்சுதா?" "வேலைன்னா வயித்துவலி, லஹ்மஜூன் கறிரொட்டின்னா வந்துருவாரு!" பெயரே வைத்துவிட்டீர்கள், மூன்று நாள் வாருஜான் என்று. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். கடையை மூடிவிட்டு வந்து என்னிடம் கேட்பார்: "ஏம்மா, நெஜமாவே நான் நடிக்கிறேனோ?"

அன்பர்களே, நோயாளி தன்னையே சந்தேகிக்கும்படி செய்தோமே, அதைவிடக் கொடிய நோய் எது?

குடல்வால் என்று ஒரு மருத்துவர் வயிற்றைக் கிழித்தார். தழும்பு மட்டும் மிஞ்சியது; வலி திரும்பி வந்தது. "தொப்புள் விழுந்துடுச்சு" என்று கைவைத்தியம் பார்க்கும் யுகாபெர் அக்கா வயிற்றில் கண்ணாடிக் கோப்பையைக் கவிழ்த்துத் தொப்புளை இழுத்தார். மூன்றாம் நாள் சரியானது. ஆகா, என்ன கைராசி! தானாகப் போகும் வலிக்கு யார் இழுத்தால் என்ன? யுகாபெர் அக்கா, தலையைக் குனியாதீர்கள். தேடித் தேடி வந்தது நாங்கள்.

நெஞ்சைச் சுடுவது வேறொன்று. பொற்கொல்லர் மிசாக் ஐயாவுக்குக் கால் பெருவிரலில் கீல்வாதம். அவருக்கென்றே அகலச் செருப்பு தைத்தவர் வாருஜான். அளவு கொடுக்க உட்காரும்போதெல்லாம் மிசாக் ஐயா சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வார். "தண்ணி குடு தம்பி" என்பார். என் வாருஜான் ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வருவார். அந்த மாத்திரைதான், அதே மாத்திரைதான், அன்றாடம் விழுங்கியிருந்தால் என் வாருஜானைக் காப்பாற்றியிருக்கும்! மருந்து உலகில் இருந்தது. மருத்துவ நூல்களில் இருந்தது. அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. தண்ணீர்க் கோப்பையோடு பக்கத்திலேயே நின்றாரே, ஐயோ, நின்றாரே!

வருடக்கணக்காக வந்து வந்து போன அந்தக் காய்ச்சலால் அவருக்குச் சிறுநீரகம் பழுதாகிக் கால்கள் வீங்கின. ஊருக்கே செருப்பு தைத்தவருக்குத் தன் செருப்பில் கால் நுழையவில்லை. அப்போதுதான் ஓர் இளம் மருத்துவர் கேட்டார்: "சின்ன வயசுலேருந்து மூணு நாள் காய்ச்சல் வருமா?" வாருஜான் அழுதுவிட்டார். நோய்க்காக அழவில்லை. "அப்ப நான் நடிக்கல, இல்ல டாக்டர்?" என்று கேட்டு அழுதார். "இல்லீங்க. முன்னாடியே வந்திருந்தா..." என்று அவர் பாதியில் நிறுத்தினார். அந்தக் குளிர்காலம் முடியும் முன் நாம் அவரை அடக்கம் செய்தோம்.

தலைவர் அவர்களே, மன்னியுங்கள், இனிப் பொதுவாகப் பேச முடியாது. அதன் பெயர் மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல். அது இரத்தத்தில் இறங்கி வருவது. பெரும்பாலும் தாய்வழியும் தந்தைவழியும் சேரும்போதுதான் பிள்ளையிடம் வெளிப்படும். நம் இனத்தில் அது மிகுதி. என் மகள் சோசிக்கும் இருக்கிறது. நாள் தவறாமல் மாத்திரை எடுக்கிறாள், நன்றாக இருக்கிறாள். இன்று காலை அவளிடம் கேட்டேன், சொன்னால் சம்பந்தம் போய்விடுமே என்று. அவள் சொன்னாள்: "போனா போகட்டும்மா. மறைச்சுக் கட்டிக்கிட்டா, நாளைக்கு என் புள்ளைக்கும் தொப்புளத்தான் இழுப்பாங்க."

இப்போது கேட்கிறேன். வயிற்றில் தழும்பு வாங்கியும் வலி போகாதவர்கள் இந்த அரங்கில் எத்தனை பேர்? கை தூக்குங்கள்! ஏன் இந்த மௌனம்? வெட்கமா? வாருஜானைப் பார்த்துச் சிரித்தபோது வராத வெட்கம் இப்போது எங்கிருந்து வந்தது?

யாரது எழுந்திருப்பது? தலைவரின் துணைவியார் சத்தெனிக் அம்மையார்! சொல்லுங்கள் அம்மா, எல்லாரும் கேட்கட்டும். "ஏங்க, ஒங்களத்தான்! கையத் தூக்குங்க! மாசாமாசம் மூணு நாள் கதவச் சாத்திக்கிட்டுக் கெடக்குறது யாரு? வாஹேவையும் கூட்டிட்டு நடங்க அந்த ரூமுக்கு!"

தலைவர் எழுந்துவிட்டார். கைக்குட்டை இப்போது கண்ணுக்குப் போகிறது. கை தட்டாதீர்கள். வழி விடுங்கள், அது போதும். அதோ, பின்வரிசையில் இன்னும் இரண்டு கைகள். வாருங்கள், வாருங்கள்.

பேச்சுக்குப் பேச்சு நாம் சொல்வோமே, 'உன் வலிய நான் எடுத்துக்கிறேன்' என்று! ரொட்டிக்கடையில் சொல்வோம், பேருந்தில் சொல்வோம், வாருஜானுக்கும் எல்லாரும் சொன்னீர்கள். ஒருவர் வலியை இன்னொருவர் எடுத்துக்கொள்ள முடியாது, அன்பர்களே. வலிக்கிறது என்று சொன்னால் நம்பலாம். அவருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

மேடை தந்த சங்கத்துக்கு நன்றி. என் கோபத்தைப் பொறுத்த உங்களுக்கு நன்றி. கணவரை எழுப்பிய சத்தெனிக் அம்மையாருக்கு இரட்டை நன்றி. இங்கே இருப்பவர்களுக்கெல்லாம் வணக்கம். இங்கே இல்லாத, வாழ்நாளெல்லாம் உண்மையையே சொன்ன என் வாருஜானுக்கும் வணக்கம்.