பிரமிடு ஹோட்டலில் ஒரே சாவி

– ஏன்யா லைல், சாப்பிட்டு எழுந்தா எல்லாரும் கையைத் துடைப்பாங்க. நீ கையைத் தட்டி, உள்ளங்கையை விரிச்சு மேல காட்டுற!

– பழக்கம், ரமோனா. இந்த ஹோட்டல் காசினோவுல, சூதாட்ட மேசையில எத்தனை வருஷம் சீட்டு போட்டவன் நான்! மேசையை விட்டு எழுந்தா, ஒண்ணும் எடுக்கலன்னு கேமராவுக்குக் காட்டணுமே.

– இது ஹோட்டல் ரூம்யா. மேல இருக்கறது கேமரா இல்ல, எகிப்து நாய்த்தலை சாமி பொம்மை.

– அதுவும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கு.

– அடுத்த வாரம் இந்த ஹோட்டலையே வெடி வச்சு இடிக்கப் போறாங்க, அதுக்கும் சேத்து முறைக்கட்டும். இங்க வேலை பாத்த பழைய ஆளுங்களைக் கூப்பிட்டு ஒரு நாள் ஓசியில தங்கச் சொன்னது நல்ல மனசுதான். ஆனா நம்ம ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டுட்டானே கீழ சாவி குடுக்கற அந்தப் பய!

– அவன் என்ன பண்ணுவான் மகாராணி? ரெண்டு பேர் பேருக்குப் பின்னாலயும் கார்வர்னு இருந்தா புருஷன் பொண்டாட்டின்னுதான் நினைப்பான். விவாகரத்து ஆகி ஒன்பது வருஷம் ஆச்சு, நீ இன்னும் என் பேரை விடல.

– அட போய்யா. பேரை மாத்த ஆபீஸ் வரிசையில எவ நிக்கறது?

– சொல்றேன் கேளு. தங்கக் கிரீடத்தோட நாள் பூரா இந்த ஹோட்டல் வாசல்ல வேஷம் கட்டி நின்ன எகிப்து ராணிக்கு, வரிசையில நின்னா கால் வலிக்குமாம்!

– பேச்சை மாத்தாத. நீ வீட்டை விட்டுப் போன அன்னிக்கும் இப்படித்தான், பெட்டியைத் தூக்கறதுக்கு முன்னாடி கையைத் தட்டி விரிச்சுக் காட்டின. ஷிஃப்ட் முடிஞ்சு மேசையை விட்டுப் போற மாதிரி. அது எனக்கு இன்னும் ஆறலய்யா.

– யோசிக்காம செஞ்சது, ரமோனா.

– தெரியும். அதுதான் வலிச்சுது.

– காலையில உன் ஊரு ரீனோவுக்கு பஸ் ஏறிடுவியா?

– டிக்கெட் எடுத்தாச்சே.

– ஏறாத. ஹென்டர்சன் வீட்டுல நான் ஒத்தையில கிடக்கேன். என் கூட வந்து இரு.

– போன் அடிக்குது, எடு முதல்ல.

– ஹலோ... ஆமா... சரிப்பா, பரவால்ல. கீழ இருந்துதான். இன்னொரு ரூம் தயாராம். தப்பாயிடுச்சு, மன்னிச்சுக்கோங்கன்னான்.

– ஓ.

– நீ இங்கயே இரு. ஜன்னல்ல பிரமிடு விளக்கு தெரியும், உனக்குப் பிடிக்கும். நான் அங்க போயிடறேன்.

– என்னய்யா, எழுந்துட்ட. கையைத் தட்டலயா?

– எப்படித் தட்டறது மகாராணி? ஒரு கையை நீ பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்கறியே!