புது சர்வரோடு பேசாத டூல்

பௌர்ணமி கிரிவல நெரிசலில் போளூர் பஸ், ஊருக்குள் நுழையாமல் வெளியே வேங்கிக்காலிலேயே நின்றுவிட்டது. டிரைவர் இன்ஜினை அணைத்ததும், காலையிலிருந்து எதிலும் நிலைக்காத என் காது முன்சீட்டுக்குத் தாவியது.

“கம்ப்யூட்டர்ல இருக்கற புக்கிங் டூல் கெட்டுப்போகல தம்பி. சர்வர் புதுசாயிடுச்சு, அது இன்னும் பழசுலயே நிக்குது. அவ்ளோதான்.”

புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். மறுமுனையில், அவர்கள் குடும்பத்து லாட்ஜிலிருந்து கொழுந்தன்.

“அண்ணி, புக்கிங் ஒண்ணும் தொறக்கல. பையும் கையுமா ஜனம் கவுண்டர்ல நிக்குது. நேத்து நீங்க மாத்தின சர்வரைப் பழையபடியே ஆக்கிடுங்க.”

“ஆக்கினா அதுக்கப்புறம் வந்த புக்கிங்கெல்லாம் போயிடும். மாமாகிட்ட நான் ஜம்பமா சொல்லி மாத்தினது வேற, மானம் போயிடும். புது டூலை இன்ஸ்டால் பண்ணு. புது டூல் பழைய சர்வரோடயும் பேசும், புது சர்வரோடயும் பேசும். பழைய டூல்தான் புதுசைக் கண்டா வாயத் தொறக்காது. உங்கண்ணன் மாதிரி.”

“இதுல நான் எங்க வந்தேன்?” என்றான் புருஷன்.

“பண்ணிட்டேன் அண்ணி... கனெக்ட் குடுத்தேன்... சுத்துது... சுத்துது...”

அவள் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். பின்சீட்டில் நிலக்கடலை உரிக்கிற சத்தமும் நின்றது.

“வந்துடுச்சு அண்ணி! எல்லா ரூமும் வந்துடுச்சு!”

போனுக்குள், கவுண்டரில் காத்திருந்த யாரோ ஒருவர், ரூம் உறுதியான சந்தோஷத்தில், “அண்ணாமலையாருக்கு...” என்று கத்தினார்.

எதற்கென்று கேட்காமலே மொத்த பஸ்ஸும் “அரோகரா!” என்றது.