போசி விலையும் ஜாடி விலையும்

என் பெயர் உஷாராணி, வயது நாற்பத்து மூன்று, கணவர் பெயர் செங்கோடன், ராசிபுரத்தில் குடியிருந்துகொண்டு நெய் வியாபாரம் செய்து வருகிறேன். எங்கள் நெய்க்கு என் மாமியார் அத்தாயி பெயரையே வைத்திருக்கிறோம். அரை லிட்டர் விலை முந்நூற்று அறுபது ரூபாய். கடையானாலும் செல்போனானாலும் எங்கே வாங்கினாலும் ஒரே விலை என்று, விலையையும் போட்டு, பஸ்களின் பின்பக்கம் விளம்பரம் செய்திருக்கிறேன். அந்த வாசகம் நானே யோசித்தது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வெள்ளிக்கிழமை என் மகள் தீபிகா எங்கள் நெய்யை ஆன்லைன் விற்பனைத் தளத்தில் ஏற்றினாள். அதன் பிறகு இன்று காலை திருச்செங்கோட்டுக்குச் சரக்கு ஏற்றிப்போன டிரைவர் சபரிநாதன் போன் செய்து, "அக்கா, ஜீவானந்தம் அண்ணன் வண்டிச் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டுப் பூட்டிட்டாருங்க. எனக்கு டீ வாங்கிக் குடுத்தாருங்க" என்றார். திருச்செங்கோட்டில் கடை வைத்திருக்கும் ஜீவானந்தம் எங்களுடைய முதல் ஏஜென்ட். அவர் விலகினால் மற்ற ஏஜென்டுகளும் பின்னாலேயே போய்விடுவார்கள் என்று பயந்து, உடனே பஸ் ஏறினேன். அந்த பஸ்ஸின் பின்னாலும் எங்கள் விளம்பரம்தான் இருந்தது.

கடைக்குப் போனதும் ஜீவானந்தம் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ஏனுங்கம்மா, பஸ்ஸுல நானூறு, போனுல முந்நூத்தி அறுவதா? வாரவங்க எல்லாம் என்னையத் திருடனப் பாக்கற மாதிரி பாக்கறாங்க" என்றார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எனக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. சரியாகத்தானே இருக்கிறது என்று சொல்லியும் விட்டேன். அதன் பிறகு அவர் குரல் ஏறியது, என் குரலும் இறங்கவில்லை, கூட்டம் கூடியது, யாரோ போன் செய்ய, போலீஸ்காரர்கள் வந்து இருவரையும் இந்த ஸ்டேஷனுக்கு அழைத்து வந்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருக்கையில் அவர், "நானூறுங்கறது ஜாடியோட வெலைங்க. இந்த முந்நூத்தி அறுவதுல ஜாடி எங்கீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. ராசிபுரத்தில் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் வீட்டிலிருந்து தூக்குப்போசிப் பாத்திரம் கொண்டுவந்துதான் நெய் வாங்குவார்கள். அதனால் கடைப் பலகையில் நெய்க்கு மட்டுமான விலையை எழுதியிருக்கிறோம். தீபிகா ஜாடியின் படத்தைப் போட்டு, அதற்குக் கீழே போசி விலையைப் போட்டிருக்கிறாள். போன் செய்தேன். "நம்ம கடை வெலையத்தானம்மா போட்டேன்" என்றாள். எங்கள் வீட்டில் யார் பார்த்திருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஜீவானந்தமும் சிரித்தார். இந்த வருடத்தில் நான் அவ்வளவு நிம்மதியாகச் சிரித்ததில்லை.

அங்கிருந்தபடியே விலையைத் திருத்தச் சொன்னேன். குறைந்த விலைக்கு ஏற்கெனவே கேட்டவர்களுக்கு அதே விலைக்கு ஜாடியோடு அனுப்புவேன், நஷ்டம் என்னுடையது. இனிமேல் எந்தப் பொருளை ஏற்றினாலும் ஜீவானந்தம் பார்த்துச் சரி என்ற பிறகே ஏற்றுவது என்றும் பேசிக்கொண்டோம். அவர் போசியில் விற்றே அறியாதவர், ஜாடி விலை மட்டுமே தெரிந்தவர். "எனக்கு வேற வேலையே இல்லீங்களா" என்றார், ஆனாலும் ஒப்புக்கொண்டார். சங்கிலியை அவிழ்க்க ஆள் அனுப்பிவிட்டார். அவர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம்.

இதை எழுதிய ஏட்டு ஐயா வாசித்துக் காட்டியபோது பக்கத்தில் இருந்த ஜீவானந்தம் குறுக்கிட்டு, "அம்மா, மேல மொதல்லயே அரை லிட்டர் முந்நூத்தி அறுவதுன்னு சொல்லியிருக்கறீங்க" என்றார். அவர் சொன்னது சரி. ஜாடியோடு நானூறு ரூபாய் என்று இருக்க வேண்டும். மேலே எழுதியதை அடிக்காமல் திருத்தத்தை இங்கேயே எழுதிக்கொள்ளலாம் என்று ஐயா சொன்னார். இந்தத் திருத்தம் நீங்கலாக மற்ற அனைத்தும் நான் சொன்னபடியே எழுதப்பட்டுள்ளது, உண்மை.

(ஒப்பம்) உஷாராணி

திருத்தம் சரி பார்த்தேன்.
(ஒப்பம்) ஜீவானந்தம்